ஞானம்பிகையின் பெயரில் விழுந்த வோட்டு

ஞானம்பிகைக்குக் கோபமே வராது என்று இத்தாலியின் பலெர்மோ நகரத்துப் போர்கோ வெக்கியோவில் ஒரு பேச்சு இருந்தது. இருபத்தேழு வருடப் பேச்சு. சந்தையில் மீன்காரன் நேற்றைய மீனைத் தலையில் கட்டினாலும் சிரிப்பாள். குவெஸ்தூரா என்கிற பொலிஸ் அலுவலகத்தில் விடிய ஆறு மணிக்கு வரிசையில் நின்றவளை மதியம் பன்னிரண்டு மணிக்கு "நாளைக்கு வா" என்று பொலிஸ்காரன் துரத்தினாலும் சிரிப்பாள். அது அவளுடைய குணம் என்று எல்லாரும் நினைத்துக்கொண்டார்கள். குணமாவது மண்ணாவது! கோபப்பட அவளுக்கு நேரமிருக்கவில்லை, அவ்வளவுதான்.

காலையில் பொலித்தியாமா பக்கம் ஒரு சிஞ்ஞோராவின், அதாவது ஒரு இத்தாலிய அம்மணியின், வீட்டில் வேலை. பின்னேரம் ஒரு பல் வைத்தியரின் கிளினிக்கில் நிலம் துடைக்க வேண்டும். கணவன் குணரத்தினம் மொண்டெல்லோவில் ஒரு ஹோட்டல் குசினியில் சமையல் வேலைக்கு நிற்கிறான். வீட்டில் அவன் பேசுவது நாளைக்குப் பத்து வார்த்தை. சிஞ்ஞோரா அவளை "ஜானா" என்று கூப்பிடுவாள். ஞானம்பிகை என்பது வாய்க்குள் நுழையவில்லையாம். பேரனுக்குப் பியானோ சொல்லிக்கொடுக்க வரும் ஜெர்மன்காரியின் முழநீளக் குடும்பப் பெயர் மட்டும் நெய் பூசினமாதிரி நுழையும்.

இந்த இரண்டு வேலைக்கும் நடுவில் சம்பளமில்லாத மூன்றாவது வேலை ஒன்றும் அவளுக்கு இருந்தது. கடுதாசி வேலை. அவளுடைய இத்தாலியன் சுத்தமானதல்ல, ஆனால் அலுவலகங்களில் அது எடுபடும். பெர்மெஸ்ஸோ என்கிற வதிவிட அனுமதி முடியப்போகிறவர்கள், பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க வேண்டியவர்கள், பிரசவத்துக்கு ஆஸ்பத்திரியில் பதிய வேண்டியவர்கள் எல்லாரும் ஞானமக்காவிடம்தான் வருவார்கள். எந்த ஜன்னலில் எந்த மனுஷன் நல்லவன், எவன் கடிப்பான் என்று அவளுக்குத் தெரியும். கவுண்டருக்கு அந்தப் பக்கம் கிடக்கும் தாளைத் தலைகீழாக வாசிக்கவும் தெரியும். அதை எந்தப் பள்ளிக்கூடமும் படிப்பிக்காது. வரிசையில் நின்று நின்று வந்த படிப்பு.

இங்கே தமிழ்ச் சனத்துக்கு ஒரு பழக்கம். ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பிளாஸ்டிக் பைல் இருக்கும். அதற்குள் பெர்மெஸ்ஸோவின் போட்டோகொப்பி ஐந்தாறு எப்போதும் தயாராக இருக்கும். கோயில் திருவிழாவுக்குத் தெருவை மறிக்க அனுமதியா, ஒரு கொப்பி. பிள்ளைகளின் விளையாட்டுப் போட்டியா, ஒரு கொப்பி. யார் கேட்டாலும் எடுத்து நீட்டுவார்கள். எதற்கு, யாரிடம் போகிறது என்று கேட்பதில்லை. கேட்டால் காரியம் பிந்திவிடும் என்ற பயம். அதுவும் ஞானமக்கா கேட்டால் பைலையே தூக்கிக் கொடுப்பார்கள்.

செப்டெம்பரில் சோதிலிங்கம் அவளைக் கடைக்குக் கூப்பிட்டார். தமிழ்ச் சங்கத்தின் தலைவர் அவர். பதினொரு வருடமாக வேறு யாரையும் அந்தக் கதிரையில் இருக்க விடாதவர். போர்கோ வெக்கியோவில் அரிசி, மா, கருவாடு விற்கும் கடை வைத்திருக்கிறார்.

"தங்கச்சி, எங்கடை சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்கு ஒரு ஹோல் கேக்கிறம். நகரசபையின்ரை மூடிக் கிடக்கிற கட்டிடம் ஒண்டு. தாய் தேப்பனின்ரை பெர்மெஸ்ஸோ கொப்பி வேணுமாம். நீ போய்க் கேட்டா ஒருதரும் மறுக்க மாட்டினம்" என்றார்.

பிள்ளைகள் இப்போது கிறிஸ்தவக் கோயில் ஒன்றின் நிலவறையில் ஈரச் சுவருக்குப் பக்கத்தில் இருந்து அ, ஆ எழுதுகிறார்கள். ஞானம்பிகை ஒரு வாரம் படியேறி இறங்கினாள். நாற்பத்து மூன்று பெண்களிடம் கொப்பி வாங்கினாள். தன்னுடையதையும் கடைசியில் வைத்து, தெருத் தெருவாக, மாடிப்படி வரிசையாக அடுக்கி, கிளிப் போட்டுக் கொடுத்தாள். முதல் கொப்பி கிருசாந்தினியுடையது. இருபத்தெட்டு வயதுப் பிள்ளை, கைக்குழந்தைக்காரி, வந்து நான்கு வருடம். "ஞானமக்கா, இன்னொரு கொப்பியும் தரட்டே?" என்று கேட்டவள்.

நவம்பரில் வந்தது பிரிமாரியே. சிசிலிப் பிராந்தியத்துத் தேர்தலுக்கு இன்னும் எட்டு மாதம் கிடந்தது. அதற்கு முன்னரே ஒரு கட்சி, தன் சார்பில் யாரை நிறுத்துவது என்று சனத்திடம் கேட்டு நடத்தும் முன்வாக்கெடுப்பு அது. சதுக்கங்களில் கூடாரம் போட்டு, மேசையும் பெட்டியும் வைத்து நடத்துவார்கள். கட்சியின் பெயர் நமக்கு வேண்டாம். பெயர் சொன்னால் உடனே நீ எந்தப் பக்கம் என்பீர்கள், இந்தக் கதையில் அந்தக் கேள்வியைக் கேட்டவர்கள் ஏற்கெனவே போதுமான அளவு இருக்கிறார்கள். போட்டியில் இரண்டு பேர். ஒருவர் பலெர்மோக்காரர், மற்றவர் கத்தானியாக்காரி. பலெர்மோக்காரருக்கு மேற்குப் பக்கம், கத்தானியாக்காரிக்குக் கிழக்குப் பக்கம் என்று தீவே இரண்டாகப் பிளந்து நின்றது. ஒருவர் தீவை இத்தாலித் தரையோடு இணைக்கக் கடலுக்கு மேலே பாலம் முதலில் என்றார். மற்றவர் குழாயில் தண்ணீர் முதலில் என்றார். சிஞ்ஞோராவின் வீட்டில் மகன் ஒரு பக்கம், மகள் மறுபக்கம். ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டு மேசையில் முள்ளுக்கரண்டியை நீட்டி நீட்டிச் சண்டை.

ஞானம்பிகைக்கு இத்தாலியில் வோட்டில்லை. குடியுரிமைக்குப் போட்ட விண்ணப்பம் ஏதோ ஒரு மேசையில் வருடக்கணக்காகத் தூங்குகிறது. நகரசபைக்கும் போட முடியாது, பிராந்தியத்துக்கும் போட முடியாது. ஆனால் இந்தக் கூடாரத்துப் பெட்டியில் பெர்மெஸ்ஸோ வைத்திருப்பவர்களும் போடலாம் என்று கட்சி சொல்லியிருந்தது. அதை அவள் சுவரொட்டியில் நின்று இரண்டுமுறை வாசித்தாள். ஒருநாள் விட்டு ஒருநாள் வரும் தண்ணீரை வாளியில் பிடித்து, ஆறு மாதம் வாளிக்கணக்கில் குளித்தவள் அவள். அவளுக்கும் ஒரு அபிப்பிராயம் இருந்தது. யாருக்குப் போட நினைத்தாள் என்று மட்டும் கேட்காதீர்கள். பெற்ற மகனுக்கே அவள் சொல்லவில்லை.

அந்த ஞாயிறு காலை, நல்லூர்த் திருவிழாவுக்குப் போவதுபோலப் புறப்பட்டாள். கருநீலக் கோட்டு, தங்கச்சி சுவிஸிலிருந்து அனுப்பிய சால்வை. வரிசையில் அரைமணி நேரம் நின்றாள். மேசையில் இருந்த பெண் அவளுடைய பெர்மெஸ்ஸோவைப் பார்த்து, ஒரு தாளில் விரலை ஓட்டி, நிமிர்ந்து பார்த்தாள்.

"சிஞ்ஞோரா, நீங்கள் ஏற்கெனவே போட்டுவிட்டீர்கள்."

"நான் இப்போதுதான் வருகிறேன்."

"காலை எட்டேகால் மணிக்குப் போட்டிருக்கிறீர்கள். இங்கே கையெழுத்து இருக்கிறது."

முப்பத்தொரு வருடத்துக்கு முன் வவுனியாவில் ஒரு பள்ளிக்கூட வாசலில் இதே வார்த்தையை அவள் கேட்டிருக்கிறாள். அவளுடைய முதல் வோட்டு. "உம்மடை வோட்டு விழுந்திட்டுது பிள்ளை, வீட்டை போம்" என்றான் ஒருவன். பக்கத்தில் துவக்கோடு ஒருத்தன் நின்றான். அவள் வீட்டுக்குப் போனாள். இங்கே துவக்கு இல்லை. மேசைவிரிப்புப் போட்டு, பூச்சாடி வைத்து, புன்சிரிப்போடு சொல்கிறார்கள்!

அவள் தாளைப் பார்த்தாள். தலைகீழாகத்தான் பார்த்தாள். தன் பெயருக்கு நேரே ஆங்கில எழுத்தில் ஒரு கிறுக்கல். அவள் எந்தக் கடுதாசியிலும் தமிழில்தான் கையெழுத்து வைப்பாள். அவளுடைய பெர்மெஸ்ஸோவிலும் தமிழ்தான் இருக்கிறது. கண் மேலே போனது. தன் பெயருக்கு மேலே வியா கொல்லேஜியோத் தெருவின் மூன்றாம் மாடிக்காரி. அதற்கு மேலே அவளுடைய மச்சாள். அதற்கு மேலே எதிர்வீட்டுக்காரி. தாளின் உச்சியில் கிருசாந்தினி. நாற்பத்து நான்கு பெயரும் தெருத் தெருவாக, மாடிப்படி வரிசையாக, கிளிப் போட்டுக் கொடுத்த அதே ஒழுங்கில், ஒரே பேனாவில், ஒரே கையில் எழுதிக் கிடந்தன.

அது அவள் அடுக்கிய ஒழுங்கு. அவளுடைய கையால் அடுக்கியது.

"இது கள்ளவோட்டு!" என்று தமிழில்தான் முதலில் கத்தினாள். பிறகு இத்தாலியனில் கத்தினாள். கூடாரத்துப் பொறுப்பாளன் ஓடிவந்து அந்தத் தாளைக் கவிழ்த்து வைத்தான். "அமைதி, சிஞ்ஞோரா, ஏதோ பிழை நடந்திருக்கும், புகார் இருந்தால் எழுதிக் கொடுங்கள்" என்றான். பின்னால் நின்ற ஒரு கிழவன், "இவர்களுக்கு ஏன் வோட்டு? அதுதான் இந்தக் கூத்து" என்றான். ஞானம்பிகை திரும்பி அவனைப் பார்த்த பார்வையில் அவன் தொப்பியைச் சரிசெய்துகொண்டு இரண்டு அடி பின்னுக்குப் போனான்.

அங்கிருந்து நேரே சோதிலிங்கத்தின் கடை. ஞாயிற்றுக்கிழமை என்பதால் கதவு பாதி இறக்கிக் கிடந்தது. குனிந்து உள்ளே போனாள்.

"சோதியண்ணை, நான் தந்த கொப்பியை எங்கை குடுத்தனீங்கள்?"

அவர் கணக்குப் புத்தகத்தையோ தராசையோ பார்ப்பதுபோல நடிக்கவும் இல்லை. அவ்வளவு துணிச்சல்.

"ஹோலுக்குத்தான் குடுத்தனான். ஹோல் வாங்கித் தாறன் எண்ட ஆளிட்டை. பலெர்மோக்காரரின்ரை ஆள். அவன் உதவி செய்யிறான், நாங்கள் அவனுக்கு உதவி செய்யிறம். உலகம் உப்பிடித்தானே நடக்குது."

"எங்கடை பேரிலை கள்ளவோட்டுப் போட்டிருக்கிறாங்கள்!"

"உதென்ன பெரிய கதை கதைக்கிறாய்? எங்கடை சனத்திலை ஆர் உந்தக் கூடாரத்துக்குப் போகுது? சும்மா கிடந்து பழுதாகிற சாமான். பிள்ளையளுக்கு ஒரு ஹோல் வருமெண்டா ஆருக்கு நட்டம்?"

"எனக்கு நட்டம். நான் போனனான். வரிசையிலை நிண்டனான்."

"உன்னை ஆர் போகச் சொன்னது?" என்றார். அப்படியே, அந்த வார்த்தைகளில். பதினொரு வருடத் தலைவர்!

ஞானம்பிகை அவருக்கு நேரே வந்து நின்றாள். "கோதாரி விழுவாங்கள்! வேலியே பயிரை மேயுது. ஊரிலை துவக்கைக் காட்டிப் பறிச்சவங்கள், இஞ்சை நீங்கள் ஹோலைக் காட்டிப் பறிக்கிறியள். நாளைக்கே போய்ச் சொல்லுவன்."

சோதிலிங்கம் குரலைத் தாழ்த்தினார். அவர் குரலைத் தாழ்த்தினால் கவனமாக இருக்க வேண்டும் என்று சங்கத்தில் எல்லாருக்கும் தெரியும். "சொல்லு. நல்லாச் சொல்லு. ஹோல் போகும். பேப்பரிலை தமிழர் எல்லாம் கள்ளர் எண்டு வரும். குவெஸ்தூரா ஒவ்வொருத்தியின்ரை பெர்மெஸ்ஸோவையும் தோண்டும். பிறகு, ஆர் கொப்பி சேர்த்தது எண்டு கேப்பாங்கள். நானோ சேர்த்தனான்? படிப்படியா ஏறினது ஆர் தங்கச்சி?"

அவள் வெளியே வந்தாள். பாதிக் கதவில் தலை இடித்தது. வலி கூடத் தெரியவில்லை. அவளுக்கு அவர் மேல் இருந்த கோபம் ஒரு பங்கென்றால், தன் மேல் இருந்தது இரண்டு பங்கு. ஏனென்றால் அந்த மனுஷன் கடைசியாகச் சொன்னது உண்மை. எதற்கு இந்தக் கொப்பி, யார் கையில் போகிறது என்று அவளும் கேட்கவில்லை. நாற்பத்து மூன்று பேர் அவளை நம்பிக் கேட்கவில்லை; அவள் இவரை நம்பிக் கேட்கவில்லை. இருபத்தேழு வருடம் மற்றவர்களின் கடுதாசியைக் காப்பாற்றியவள் கடைசியில் மொத்தமாகக் கட்டிக் கொண்டுபோய்க் கள்ளனிடம் கொடுத்திருக்கிறாள்.

வீட்டில் மகன் ஜெனோஜன் சோபாவில் கிடந்தான். இருபத்து நான்கு வயது, இங்கே பிறந்தவன், பதினெட்டிலேயே குடியுரிமை எடுத்தவன். கதையைக் கேட்டுவிட்டு, "மம்மா, லாஷா பெர்தெரே" என்றான். விட்டுவிடு என்று அர்த்தம். "உது அவங்கடை ஜோக்கோ, அவங்கடை விளையாட்டு. எல்லாரும் லாத்ரி."

"எல்லாரும் கள்ளர் எண்டு தெரியுதெல்லே, உனக்கு வோட்டு இருக்கு. ஒரு நாளெண்டாலும் போட்டனியே?"

"எனக்கு இன்ட்ரெஸ்ட் இல்லை அம்மா."

"இல்லாட்டி அந்த வோட்டுக் காட்டை எனக்குத் தாடா! பசியில்லாதவனுக்கு முன்னாலை சோத்தை வைச்சிட்டு, பசிச்சவளின்ரை கோப்பையைப் பறிக்கிறாங்கள்!" அவள் கத்தியதில் குணரத்தினம் குசினியிலிருந்து எட்டிப் பார்த்தான். "ஞானம், பிறசர்" என்றான். அன்றைய பத்து வார்த்தையில் அது இரண்டு.

திங்கட்கிழமை முடிவு வந்தது. பலெர்மோக்காரர் மயிரிழையில் முன்னே. கிழக்குப் பக்கம் கொதித்தது. சிஞ்ஞோராவின் வீட்டில் மகனும் மகளும் தொலைபேசியில் ஒருவரையொருவர் தின்றார்கள். ஞானம்பிகை இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, நடந்ததைச் சிஞ்ஞோராவிடம் சொன்னாள். சிஞ்ஞோரா மகளைக் கூப்பிட்டாள். மகள் கண் பளபளக்க ஓடிவந்து, "ஜானா, இது எங்களுக்குப் பெரிய உதவி!" என்றாள். மகன் தொலைபேசியில் கேட்டுவிட்டு, "ஜானாவுக்கு யார் சொல்லிக் கொடுத்தது?" என்றான். அவளுடைய வோட்டு என்ன ஆயிற்று என்று அந்த வீட்டில் ஒரு சீவனும் கேட்கவில்லை. திருட்டுப் போனது அவளுடைய பொருள். இவர்கள் அதை வைத்து யாரை அடிக்கலாம் என்று பார்க்கிறார்கள். அவள் சட்டைகளை மடித்து வைத்துவிட்டு ஒரு மணி நேரம் முந்தியே வெளிக்கிட்டாள்.

போய் முறையிடுவதற்கு முன்னால் அவள் செய்ய வேண்டியது ஒன்று இருந்தது. நாற்பத்து மூன்று கதவு. செவ்வாயும் புதனும், வேலை முடித்துவிட்டு, அதே படிகளில் திரும்ப ஏறினாள். ஒவ்வொரு கதவடியிலும் ஒரே பேச்சுத்தான். "நான் வாங்கின கொப்பியிலை உங்கடை பேரிலை கள்ளவோட்டுப் போட்டிருக்கிறாங்கள். எதுக்கெண்டு கேக்காமக் குடுத்தது என்ரை பிழை. வியாழக்கிழமை போய்ச் சொல்லப் போறன்."

சிலர் "ஐயோ அக்கா, வேண்டாம்" என்றார்கள். சிலர் "சோதியண்ணை சொன்னவர், நீங்கள் மற்றப் பக்கத்திட்டை ஏதோ வாங்கிப்போட்டு ஆடுறியளாம்" என்று முகத்துக்கு நேரே சொன்னார்கள். ஒருத்தி தேநீர் தந்தாள், அழுதாள், பிறகு "என்ரை பேரைச் சொல்லாதேங்கோ" என்றாள். படியேறி ஏறி முழங்கால் வீங்கியது. பேச்சு வாங்கி வாங்கி மனம் மரத்தது.

கிருசாந்தினியின் வீட்டைக் கடைசிக்கு வைத்திருந்தாள். அந்தப் பிள்ளை குழந்தையை இடுப்பில் வைத்தபடி முழுவதையும் கேட்டாள்.

"அக்கா, என்ரை பெர்மெஸ்ஸோ இப்ப புதுப்பிக்கக் குடுத்துக் கிடக்கு. பழசும் வெறும் ரிசீற்றும்தான் கையிலை இருக்கு. உது உங்களுக்குத் தெரியும். நீங்கள்தானே போர்ம் நிரப்பினனீங்கள்."

"தெரியும் பிள்ளை."

"எனக்கு ஏதும் நடந்தா?"

"நடக்க விடமாட்டன்."

"நீங்கள் விடமாட்டியள் எண்டுதானே கொப்பியைத் தந்தனான்" என்றாள் கிருசாந்தினி. கதவைச் சாத்தினாள். அறைந்து சாத்தவில்லை, மெதுவாகத்தான் சாத்தினாள். அறைந்திருந்தால் ஞானம்பிகைக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

வியாழக்கிழமை கட்சி அலுவலகத்தில் விசாரணைக் குழு. மூன்று பேர் இருந்தார்கள். ஓய்வுபெற்ற டீச்சர் ஒருத்தி, மடிக்கணினியோடு ஒரு இளைஞன், நடுவில் மோவாயைத் தடவும் ஒரு வக்கீல். ஞானம்பிகை எல்லாவற்றையும் சொன்னாள். கொப்பிகளைச் சேர்த்தது நான்தான், இன்னாரிடம் கொடுத்தேன், அதே ஒழுங்கில் பெயர்கள் கிடக்கின்றன, இதுதான் என் கையெழுத்து என்று தமிழில் போட்டும் காட்டினாள். மற்றப் பெண்களுக்கு ஒன்றும் தெரியாது, அவர்களைத் தொடவேண்டாம் என்று மூன்றுமுறை சொன்னாள்.

வக்கீல் மூக்குக்கண்ணாடிக்கு மேலால் பார்த்தார். "இந்த நாற்பத்து நான்கையும் கழித்தால் அந்தக் கூடாரத்தில் கத்தானியாக்காரி வெல்வார். அது உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"உங்களை யார் அனுப்பினார்கள்?"

"யாரும் அனுப்பவில்லை. நூற்றியோராம் நம்பர் பஸ்ஸில் வந்தேன்."

டீச்சர் சிரிப்பை அடக்கினாள். வக்கீலுக்குச் சிரிப்பு வரவில்லை. "அன்று உங்களை விட்டிருந்தால் யாருக்குப் போட்டிருப்பீர்கள்? சும்மா, பதிவுக்காகக் கேட்கிறேன்."

அங்கேதான் அவளுக்கு வெடித்தது. ஐந்து நாளாக, சுற்றி வளைத்து, நீ எந்தப் பக்கம் என்ற இந்த ஒரே கேள்வி! கடைக்காரர் கேட்டார், சிஞ்ஞோராவின் மகன் கேட்டான், படியில் நின்ற பெண்டுகள் கேட்டார்கள், இப்போது சட்டம் படித்தவரும் கேட்கிறார். அவள் எழும்பி நின்றாள்.

"உங்களிடம் சொல்ல வேண்டுமென்றால் பெட்டி எதற்கு? அதைத் தூக்கிக் குப்பையில் போடுங்கள்! மேற்கா கிழக்கா, பாலமா தண்ணீரா என்று நீங்கள் ஆயிரம் தரம் அடிபடுங்கள். அது உங்கள் தீவு, உங்கள் சண்டை. எனக்கு இந்தச் சண்டையில் ஒரேயொரு தாள் தருவதாகச் சொன்னீர்கள். ஒரு தாள்! அதையும் எட்டேகால் மணிக்கு எவனோ எடுத்துவிட்டான். நான் எந்தப் பக்கம் என்று கேட்காதீர்கள். என் தாள் எங்கே என்று சொல்லுங்கள்."

இலக்கணப் பிழை நாலைந்து இருந்திருக்கும். யாரும் திருத்தவில்லை. மடிக்கணினி இளைஞன் தட்டுவதை நிறுத்திவிட்டான்.

வெள்ளிக்கிழமை முடிவு சொன்னார்கள். அந்தக் கூடாரத்து வோட்டு முழுவதும் செல்லாது. ஞாயிற்றுக்கிழமை திரும்ப நடக்கும். ஒரு பத்திரிகை கொட்டை எழுத்தில், "போர்கோ வெக்கியோவில் இலங்கையரின் பேய் வோட்டுகள்" என்று போட்டது. பேனா பிடித்து நாற்பத்து நான்கு பெயரும் எழுதியவன் இலங்கையனா? கொப்பிக்கு ஆள் அனுப்பியவன் இலங்கையனா? அதைப்பற்றி ஒரு வரி இல்லை. குனிந்தவன் தலையில்தானே குட்டு விழும். சோதிலிங்கம் சங்கத்து வாட்ஸ்அப்பில் குரல் பதிவு ஒன்று போட்டார். "ஹோல் விண்ணப்பம் நிண்டுபோச்சு. ஆராலை எண்டு எல்லாருக்கும் தெரியும். எங்கடை சனம் ஒருதரும் ஞாயிற்றுக்கிழமை அந்தப் பக்கம் போகவேண்டாம். மானம் மரியாதை உள்ள ஆக்கள் போகமாட்டினம்." பத்து நிமிடத்தில் ஞானம்பிகையைக் குழுவிலிருந்து நீக்கினார்கள். நீக்கியது யார் என்று பார்த்தாள். பிரசவத்துக்கு அவள் இரண்டு இரவு கூட நின்ற பெண்.

ஞாயிறு வந்தது. மழை தூறியது. கூடாரத்தில் இந்தமுறை இரண்டு மேசை. ஒன்று சாதாரண மேசை. மற்றதில் "வெளிநாட்டவர்" என்று எழுதி ஒட்டியிருந்தார்கள். அங்கே போட்டோகொப்பி செல்லாது, மூலம் காட்ட வேண்டும், கையெழுத்தை ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். அவளுக்கு மறுபடி கொதித்தது. களவெடுத்தவனுக்கு ஒரு கேள்வி இல்லை, களவு கொடுத்தவர்களுக்குத் தனி மேசை! சாதாரண வரிசையில்தான் போய் நின்றாள். "சிஞ்ஞோரா, உங்களுக்கு அந்தப் பக்கம்" என்றான் ஒருவன். "எனக்கு இந்தப் பக்கம். மூலத்தை இங்கேயே பாருங்கள்" என்றாள். அன்றைக்கு அங்கே வந்திருந்த விசாரணைக் குழு டீச்சர்தான் அவளை விடச் சொன்னாள்.

தாள் கையில் கிடைத்தது. சீலை மறைப்புக்குப் பின்னால் போனாள். ஐம்பத்திரண்டு வயதில் முதல்முறை. கோடு போட்டாள், நான்காக மடித்தாள், பெட்டிக்குள் விட்டாள். அழுகை வரும் என்று நினைத்திருந்தாள், வரவில்லை. இதற்குத்தானா இத்தனை பாடு என்ற எரிச்சல்தான் வந்தது.

வீட்டுக்குப் போக மனமில்லை. கூடாரத்தின் ஓரத்தில் குடையோடு நின்றாள். பத்து மணி, பதினொன்று. தமிழ் முகம் ஒன்றும் இல்லை. எதிரே பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போன மச்சாள்காரி தலையை மறுபக்கம் திருப்பிக்கொண்டாள். நாற்பத்து மூன்று பேரின் பெயரையும் எடுத்துக் கொடுத்தேன், ஒருத்திக்கும் திருப்பிக் கொடுக்க முடியவில்லை என்று நினைத்துக்கொண்டாள்.

பன்னிரண்டு மணிக்குச் சற்று முன், குழந்தை வண்டியைத் தள்ளிக்கொண்டு கிருசாந்தினி வந்தாள். மழைக்கோட்டுத் தலைமூடியை இழுத்து விட்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் அந்த நாற்பத்து மூன்றில் இன்னும் இரண்டு பேர், வேறு மாடிப்படிக்காரிகள், ஒருவரை ஒருவர் பார்க்காமல் நின்றார்கள். கிருசாந்தினி நேரே ஞானம்பிகையிடம் வந்தாள்.

"அக்கா, உங்களுக்காக நான் வரேல்லை. எனக்கு உங்களிலை இன்னும் கோவம்தான்."

"ஓம்."

"சோதியண்ணை போகவேண்டாமெண்டு சொன்னவர். போனமுறை எனக்குப் பதிலா ஆரோ போட்டான், இந்தமுறை எனக்குப் பதிலா அவர் முடிவெடுக்கிறார். அதுதான் வந்தனான்."

ஞானம்பிகை குடையை மடக்கினாள். மூவரோடும் சேர்ந்து மேசை வரை நடந்தாள். மேசையில் இருந்த டீச்சர் கையை நீட்டினாள். கிருசாந்தினி பைலைத் திறந்து பழைய பெர்மெஸ்ஸோவையும் புதுப்பிக்கக் கொடுத்த ரிசீற்றையும் உருவினாள். இருபத்தேழு வருடப் பழக்கம். ஞானம்பிகையின் கை தானாக நீண்டது, வாங்கி விரித்து டீச்சருக்கு விளக்கிச் சொல்ல.

கிருசாந்தினி இரண்டையும் நெஞ்சோடு அணைத்துப் பிடித்தாள்.

"வேண்டாம் அக்கா. நானே குடுப்பன்."